சேர்வராயன் மலையும் வெள்ளை யானை ஏறிய மலையும்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும் சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் ஒரே ஞாபகம்தான். ஏற்காடு! ஊட்டி, கொடைக்கானல் என்றால் பர்ஸைப் பத்துத் தடவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏற்காட்டுக்கு அந்தக் கவலை இல்லை. விடியற்காலையில் புளியோதரையும் தயிர் சாதமும் கட்டிக்கொண்டு சேலத்தில் பஸ் ஏறினால் போதும். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சுமார் 30 கிலோமீட்டரில் குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதும். ராத்திரி வீட்டுக்கு வந்து பாயை விரித்துவிடலாம்.

போய் வந்த சகோதரிகளை, "என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஏரியில் படகு, அண்ணா பூங்காவில் பூக்கள், லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கரடிக் குகை... கடைசியில், போனால் போகிறது என்று, "அப்புறம் மலை உச்சியிலே ஒரு குகைக் கோயில். அதையும் பார்த்தோம்" என்பார்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். 'அதையும்' என்று சேர்த்துச் சொல்லிவிடக்கூடிய கோயில் இல்லை அது. இந்த மலைக்கே பெயர் கொடுத்தவர் அங்கேதான் இருக்கிறார்.

மலைக்குச் சொந்தக்காரர்

வெள்ளைக்காரர்கள் 'ஷெவராய்' என்று எழுதி வைத்தது நம் 'சேர்வராயன்' என்ற பெயரைத்தான். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று. ஊர் இருப்பது சுமார் 5,000 அடி உயரத்தில். சேர்வராயன் இருப்பது அதற்கும் மேலே, 5,326 அடியில். ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தூரம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ரோடு போகிறது. காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் மரங்களின்மேல் மிளகுக் கொடி சுற்றிச் சுற்றி ஏறியிருக்கும். உச்சிக்குப் போனதும் மரங்கள் விலகி, துடைத்து வைத்த மேஜைபோல ஒரு பரந்த புல்வெளி. காற்று புடவைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டு போகும்.

அங்கே போய்க் கோபுரத்தைத் தேடாதீர்கள். மதுரையையும் ஸ்ரீரங்கத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒன்றுமே இல்லாததுபோலத்தான் தோன்றும். குனிந்து உள்ளே போக வேண்டும். குறுகலான, இருட்டான குகை. விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகிய பிறகு இரண்டு தெய்வங்கள் புலப்படுவார்கள். ஒருவர் சேர்வராயன். இன்னொருவர் காவேரி அம்மன். மலைக்கு ஒரு தெய்வம், நதிக்கு ஒரு தெய்வம். இந்தக் குகை தலைக்காவேரி வரைக்கும் போகிறது என்று சொல்வார்கள். நடந்து பார்க்க நமக்குத் தைரியம் கிடையாது. ஆனாலும் மேட்டூருக்குப் பக்கத்து மலையில் இருப்பவர்களுக்கு, காவேரி எங்கோ குடகில் பிறந்தாலும் அவள் எங்கள் வீட்டுப் பெண்தான் என்று ஒரு பாத்தியதை இருக்கிறது பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்தத் தெய்வங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வருபவர்கள் இங்கே வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளிகள். அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர், தாங்கள் கும்பிட்ட கரிராமன் என்னும் சாமியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டார்களாம். அவர்களில் மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார், மற்றவர்கள் பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் போனார்கள் என்கிறது கதை. நாம் வீடு மாற்றும்போது முதலில் எதை எடுத்துப் போகிறோம்? சாமி படத்தையும் குத்துவிளக்கையும்தானே! ஊரை விட்டு வந்தாலும் சாமியை விட்டுவிட்டு வரவில்லை என்பதைத்தான் அந்தக் கதை சொல்கிறது.

மே மாதத்தில் கோயிலுக்குத் திருவிழா. அரசாங்கம் நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அநேகமாக அதே மாதத்தில்தான். கீழே பூங்காவில் நாம் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது, மேலே மலைக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் உச்சிக்கு வந்து சேருவார்கள். ஒரு தடவை அங்கே கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த வயசான அம்மாவிடம், "இத்தனை தூரம் நடந்தா வரீங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "நீங்க வண்டியில வந்து வண்டியில போயிருவீங்கம்மா. நாங்க வருசத்துக்கு ஒருக்கா அவரை வந்து பாக்கலேன்னா மனசு ஆறாது" என்றாள். பெரியப்பா வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

பகோடா என்றால் தின்பதா?

ஏற்காட்டுக்குக் குழந்தைகளை அழைத்துப் போனவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். "அம்மா, பகோடா பாயின்ட்டுன்னா அங்கே பகோடா விப்பாங்களா?" என்று ஒரு கேள்வி வரும். இல்லை என்றால் குழந்தையின் முகம் வாடிவிடும்! கற்களைக் கோபுரம்போல அடுக்கிவைத்த குவியல்கள் அங்கே இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பர்மா, சயாம் போன்ற தேசங்களில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் புத்தர் கோயில் கோபுரத்துக்குத்தான் 'பகோடா' என்று பெயர். ஆக, புத்தர் கோயில் இல்லாத ஏற்காட்டில் புத்தர் கோயிலின் பெயர் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சரி, நிஜமான ஒரு பகோடாவுக்கு உங்களை அழைத்துப் போகிறேன். அதுவும் மலைமேல் இருப்பதுதான். நம் சேர்வராயன் கோயிலோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும்.

முன்பு சயாம் என்று சொன்ன தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் என்றொரு பெரிய நகரம். அது லான்னா ராஜ்யத்தின் தலைநகராக இருந்தது. 'லான் னா' என்றால் பத்து லட்சம் நெல் வயல்கள் என்று அர்த்தம். எவ்வளவு வயிறு நிறைந்த பெயர்! அந்த நகரத்துக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், 3,500 அடி உயரத்தில் இருக்கிறது அந்தக் கோயில். பெயர் கொஞ்சம் நீளம். வாட் பிரா தாட் தோய் சுதேப். பயப்படாதீர்கள், பிரித்துப் பார்த்தால் பாதி நமக்குத் தெரிந்த சொற்கள்தான். 'வாட்' என்றால் கோயில். 'தோய்' என்றால் மலை. 'சுதேப்' என்பது அந்த மலையில் இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு ரிஷியின் பெயர், நம் வாசுதேவன்தான். 'பிரா தாட்' என்றால் புனிதமான தாது.

தாது என்ற சொல்லை நாம் நாட்டு வைத்தியத்தில் கேட்டிருக்கிறோம். ரசம், ரத்தம், மாமிசம் என்று தொடங்கி உடம்பை உண்டாக்கும் ஏழு தாதுக்கள் என்று பாட்டிமார் சொல்வார்கள். எலும்பும் அதில் ஒன்று. புத்த மதத்தில் தாது என்றால் புத்தருடைய உடம்பிலிருந்து மிஞ்சிய எலும்பு, பல், முடி முதலியவை. புத்தர் நிர்வாணம் அடைந்து உடலைத் தகனம் செய்த பிறகு, அஸ்திக்காகப் பல நாட்டார் போட்டி போட்டார்கள் என்றும், துரோணர் என்ற ஓர் அந்தணர் அதை எட்டுப் பங்காகப் பிரித்துக் கொடுத்துச் சண்டையைத் தீர்த்தார் என்றும் பௌத்த நூல்கள் சொல்கின்றன. அந்தப் பங்குகளை வைத்துக் கட்டியவையே ஸ்தூபங்கள். பின்னால் அசோகர் அவற்றைத் திறந்து, இன்னும் பல பங்குகளாக்கித் தேசமெங்கும் ஸ்தூபங்கள் எழுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. இலங்கையில் கண்டியில் இருப்பது புத்தருடைய பல் என்று வணங்குகிறார்கள்.

தோய் சுதேப்புக்குத் தாது வந்த கதை இது. லான்னா நாட்டைக் குவேனா என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தபோது, சுகோதை நாட்டிலிருந்து சுமணர் என்ற பிக்ஷு ஒரு தாதுவைக் கொண்டுவந்தார். அது இரண்டாகப் பிரிந்ததாம். ஒரு பாகத்தை ஊருக்குள் ஒரு கோயிலில் வைத்தார்கள். மற்றதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ராஜா அதை ஒரு வெள்ளை யானையின் முதுகில் ஏற்றி, 'நீயே இடத்தைக் காட்டு' என்று அவிழ்த்துவிட்டார். யானை மலைமேல் ஏறிக்கொண்டே போயிற்று. உச்சிக்குப் பக்கத்தில் போய் நின்று, மூன்று முறை பிளிறிவிட்டு, மண்டியிட்டு, அங்கேயே உயிரை விட்டதாம். அந்த இடத்தில் 1383-ல் கோயில் எழும்பியது என்பது அவர்கள் கணக்கு. இன்றைக்கும் அந்தக் கோயிலில் வெள்ளை யானைக்குச் சிலை இருக்கிறது.

300-க்கும் மேற்பட்ட படிகள். இரண்டு பக்கமும் படிக்கட்டின் நீளத்துக்குப் பச்சை நிறத்தில் நாகங்கள் நெளிந்து இறங்குகின்றன. மேலே தங்கமாய் ஜொலிக்கும் ஸ்தூபம். ஜனங்கள் தாமரை மொட்டும் ஊதுபத்தியும் மெழுகுவத்தியும் கையில் வைத்துக்கொண்டு, நம்மைப்போலவே வலமாக மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள். எலும்பை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கிறது என்ற நம்பிக்கையைத்தான் சுற்றி வருகிறார்கள்.

அவர்கள் வைத்தார்கள், நாம் கரைத்தோம்

இதைப் படித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் வீடுகளில் ஒருவர் போய்விட்டால், மறுநாளோ மூன்றாம் நாளோ அஸ்தியை எடுத்து ஒரு மண் கலயத்தில் வைத்து, காவேரியில் கொண்டுபோய்க் கரைத்துவிடுகிறோம். பவானி கூடுதுறைக்கோ, ஸ்ரீரங்கத்துக்கோ போய்விட்டுத் தலைமுழுகி வருகிறோம். எதையும் வைத்துக்கொள்வதில்லை. அவர்களோ ஒரு துணுக்கு எலும்பை 600 வருஷத்துக்கும் மேலாகத் தங்கத்துக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். இரண்டும் அன்புதான். ஒன்று, போகவிடும் அன்பு. இன்னொன்று, வைத்துக்கொள்ளும் அன்பு. சேர்வராயன் குகைக்குள் காவேரி அம்மன் உட்கார்ந்திருப்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். நம் தாத்தா பாட்டிகளையெல்லாம் மடியில் வாங்கிக்கொண்டவள் அவள்தானே!

வெளிநாட்டுச் சமாசாரம் நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். தாய்லாந்து நமக்கு அவ்வளவு தூரமில்லை. அங்கே தக்குவாபா என்ற இடத்தில் 9-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. நம் வணிகர்கள் அங்கே குளம் வெட்டியதை அது சொல்கிறது. தாதுக்களும் நம் நாட்டிலிருந்தே போயிருக்கின்றன. வடக்கே பிப்ரஹவா என்ற ஊரில் ஒரு ஸ்தூபத்தை 1898-ல் தோண்டியபோது கிடைத்த தாதுவை, அன்றைய ஆங்கில அரசாங்கம் சயாம் ராஜாவுக்குக் கொடுத்தது. அது பாங்காக்கில் பொன்மலை என்னும் கோயிலில் இருக்கிறது. 2024-ல் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் அரசாங்கம் டில்லியிலும் சாஞ்சியிலும் பாதுகாக்கப்படும் தாதுக்களைத் தரிசனத்துக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பியது. சியாங் மாய் உள்பட நான்கு ஊர்களில் வைத்தார்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் வரிசையில் நின்று கும்பிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் என் மனசில் தைத்தது தங்கமோ கூட்டமோ அல்ல; அந்த மலைக்கு ரோடு வந்த கதைதான். குரூபா சிவிச்சை என்ற பிக்ஷு, ஜனங்களைக் கூப்பிட்டார். 1934-ம் வருஷக் கடைசியில் ஆரம்பித்து, ஊர்க்காரர்களும் மலைவாசிகளும் ஆயிரக்கணக்கில் திரண்டு, கூலி வாங்காமல் மண்வெட்டியும் கூடையுமாக வேலை செய்து, ஆறு மாசத்துக்குள் மலைப்பாதையைப் போட்டுவிட்டார்கள். 1935 ஏப்ரலில் ரோடு திறந்தாயிற்று. இன்று கார் போகிறது, பஸ் போகிறது. அப்படியும் வைகாசிப் பௌர்ணமிக்கு முதல் நாள் ராத்திரி, சியாங் மாய் ஜனங்கள் வண்டியை விட்டுவிட்டு அடிவாரத்திலிருந்து நடந்தே மலை ஏறுகிறார்கள். நமக்கு வைகாசி விசாகம். அவர்களுக்கு அது புத்தர் பிறந்த, ஞானம் பெற்ற, நிர்வாணம் அடைந்த நாள்.

நம் கொய்யாப்பழ அம்மா சொன்னதும் அதுதானே? வருஷத்துக்கு ஒரு தடவை ஏறி வந்து பார்க்க வேண்டும். தங்கம் வேய்ந்த மலையையும் தங்கம் இல்லாத மலையையும் காப்பாற்றுவது ஒன்றேதான். ஏறி வரும் கால்கள்.

பெயரை மறந்தால்?

கால்கள் வந்துகொண்டே இருந்தாலும், உள்ளே இருப்பவர் யார் என்பதை மறந்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் தூரத்துக்குப் போக வேண்டாம். சேர்வராயன் மலையிலிருந்து கீழே இறங்கினால் சேலம்.

சேலத்தில் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் கோயில் இருக்கிறது. எத்தனையோ வருஷமாக ஜனங்கள் முனியப்பனுக்குப் பூஜை செய்து வந்தார்கள். அந்தச் சிலை முனியப்பன் இல்லை, புத்தர் என்று வழக்கு வந்தது. நிபுணர்கள் பார்த்தார்கள். தாமரைப் பீடத்தில் தியானத்தில் உட்கார்ந்த கோலம், சுருள் முடி, நீண்ட காது. தலை ஒரு காலத்தில் துண்டாகி, பிறகு ஒட்டவைக்கப்பட்டிருந்தது. தலைவெட்டி என்ற பெயர் ஏன் என்று இப்போது புரிகிறதா? 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அது புத்தர் சிலைதான், தொல்லியல் துறை பொறுப்பேற்று அப்படியே பலகை வைக்க வேண்டும், ஜனங்கள் வந்து பார்க்கலாம், ஆனால் பூஜை செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது.

இதைப் பேப்பரில் படித்தபோது எங்கள் தெருவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஒருத்தி, "அப்போ இத்தனை நாள் கும்பிட்டதெல்லாம் வீணா?" என்றாள். இன்னொருத்தி, "புத்தரை முனியப்பனாக்கி ஆடு வெட்டறது நியாயமா? எறும்புக்கும் தீங்கு நினைக்காதவராச்சே அவரு!" என்றாள். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. கழுத்து உடைந்த அந்தக் கல்லை யாரும் விளக்கேற்றிக் கும்பிட்டிருக்காவிட்டால், அது எப்போதோ துணி துவைக்கிற கல்லாகப் போயிருக்கும். பெயர் தெரியாமலே காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்காக, தெரிந்த பிறகும் பெயரை மறைப்பது சரியாகாது. ஒருவரை வீட்டில் வைத்து அன்பாகச் சாப்பாடு போட்டு, வேறொருவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

ஆத்தூர் பக்கம் தியாகனூரில் இன்னொரு பெரிய புத்தர் சிலை இருக்கிறது. அங்கே அவரைப் புத்தர் என்றே தெரிந்து கும்பிடுகிறார்கள். 'மணிமேகலை' பிறந்த தமிழ்நாட்டில், ஒரு பெண் புத்த பிக்ஷுணியாகி ஊராரின் பசியைத் தீர்த்த கதையைக் காப்பியமாகப் பாடிய தமிழ்நாட்டில், புத்தர் நமக்கு அந்நியர் ஆவாரா?

மலையின் தாது

தாது என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பூமிக்குள் இருக்கும் கனிமத்தையும் தாது என்றுதான் சொல்கிறோம். சேர்வராயன் மலையில் பாக்சைட் தாது இருக்கிறது. அலுமினியம் செய்கிற மண் அது. மேட்டூரில் இருந்த அலுமினியத் தொழிற்சாலைக்காக இந்த மலைகளில் அதை வெட்டி எடுத்தார்கள். நம் சமையலறையில் இருந்த பழைய அலுமினியக் குண்டானில் இந்த மலையின் ஒரு துணுக்கு இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அங்கே ஒரு மலைக்குள் தாதுவை வைத்து மூடினார்கள். இங்கே மலைக்குள்ளிருந்து தாதுவை எடுத்தார்கள். பாத்திரம் வேண்டாம் என்று நாம் யாரும் சொல்லவில்லை. ஆனால் மலையாளி மக்களுக்குப் புனிதம் என்பது பெட்டியில் வைத்த ஒரு பொருள் அல்ல, அந்த மலையேதான். சேர்வராயனை வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. குகையைப் பெயர்த்து எடுக்க முடியாது. ஊற்று, புல்வெளி, பாறை எல்லாம் சேர்ந்தால்தான் அவர் சேர்வராயன். அதனால்தான் அங்கே போகிற நாம் எப்படிப் போகிறோம், எதை விட்டுவிட்டு வருகிறோம் என்பது முக்கியமாகிறது.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வளைவுகளில் குழந்தைகளுக்கு வாந்தி வருவது சகஜம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லி, அவ்வளவு போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். முன் பக்க ஸீட்டில், ஜன்னலோரம் உட்காரவைத்துத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மொபைலைக் கையில் கொடுக்காதீர்கள். தலை குனிந்து திரையைப் பார்த்தால் மயக்கம் அதிகமாகும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு இஞ்சி மரப்பா ஒரு துண்டு கொடுக்கலாம்.

உச்சியில் வெயில் அடித்தாலும் காற்று சில்லென்றிருக்கும். கைக்குழந்தைக்குக் காதை மூடும் குல்லாவும் ஒரு ஸ்வெட்டரும் அவசியம். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். குகைக்குள் குனிந்து போக வேண்டியிருப்பதால் முதுகு வலி, முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் அவசரப்படாமல், கூட்டம் குறைந்த பிறகு நுழைவது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உள்ளே கற்பூரப் புகை ஒத்துக்கொள்ளாது. வாசலிலிருந்தே கும்பிட்டால் சேர்வராயன் கோபித்துக்கொள்ள மாட்டார். மாசமாக இருக்கும் பெண்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மலைப் பிரயாணம் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் குரங்குகளுக்குத் தீனி போட வேண்டாம். அதற்குப் பழகி ரோட்டுக்கு வந்துதான் அவை வண்டியில் அடிபடுகின்றன. புளியோதரையை வாழை இலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டிக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு நம் மாநிலத்தில் தடை. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். அடுத்த வீட்டு வாசலில் குப்பை போடுவோமா என்று யோசித்தாலே போதும். ஒரு துணிப்பையைக் கூடவே வைத்துக்கொண்டு, நம் குப்பையை நாமே கீழே எடுத்து வந்துவிடலாம். பக்கத்தில் கிடக்கிற இரண்டு பாட்டிலையும் சேர்த்து எடுத்து வந்தால் அதுவும் ஒரு கைங்கரியம்தான். கொய்யாவோ மிளகோ வாங்கினால் மலைக்காரப் பெண்களிடமே வாங்குங்கள். அரை ரூபாய்க்கும் ஒரு ரூபாய்க்கும் பேரம் பேசாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குகைக்குள் நுழையும் முன்பு பிள்ளைகளை ஒரு நிமிஷம் நிறுத்தி, உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லுங்கள். இவர் பெயர் சேர்வராயன், இந்த மலைக்கு அவர் பெயர்தான். பக்கத்தில் இருப்பவள் காவேரி அம்மன், நம் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் அவளுடையது. இவர்களைக் காலங்காலமாகக் காப்பாற்றி வருபவர்கள் இந்த மலை ஜனங்கள். இந்த மூன்றையும் சொன்னால் போதும். திரும்பும் வழியில் பகோடா பாயின்ட்டிலும் இறங்கி, வெள்ளை யானைக் கதையைச் சொல்லுங்கள். தின்கிற பகோடாவையும் வீட்டிலேயே பொட்டலம் கட்டிக் கொண்டுபோய்விட்டால் குழந்தைகளுக்கு இரட்டைச் சந்தோஷம்!